யாருடையதும் அல்லாத முடி

வெண்முகில் குடியிருப்பில் ஒரு நாய்க்கு முடி உதிர்ந்தால், அது எந்த வீட்டு நாய் என்பது மறுநாள் காலைக்குள் தெரிந்துவிடும். கேளம்பாக்கத்துக்குத் தெற்கே நாற்பது மாடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காது. முகமூடி இல்லாமல் வெளியே கால் மணி நேரம் நின்றால் நெஞ்சு எரியும் காலம் அது. அதனால் நானூற்றுச் சொச்சம் வீடுகளும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றிச் சுவாசித்தன. ஒவ்வொரு வீட்டிலும் தரையோரமாக இருக்கும் துளைகள் காற்றை உறிஞ்சி, ஏழாவது மாடியிலிருக்கும் சல்லடைக்கு அனுப்பும். அங்கே மாட்டும் ஒவ்வொரு முடியையும் இயந்திரம் படிக்கும். பதிவேட்டிலுள்ள நாய்களோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லும். மாதத்துக்கு முப்பது முடிக்கு மேல் போனால், மூன்று நாளில் நாய் வெளியே. வெளியே என்றால் மதிலுக்கு அப்பாலுள்ள தகரக் கொட்டகை. அங்கே போன எந்த நாயும் இரண்டு மாதம் தாண்டியதில்லை.

அந்தச் சல்லடைக்குப் பொறுப்பு நறுமுகை. முப்பத்தாறு வயது. ஒரு குட்டி கட்டடத்துக்குள் வருமுன் அதன் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, மரபணுவைப் படித்து, 'இது முடி கொட்டாது' என்று சான்றிதழ் கொடுப்பவளும் அவள்தான். எட்டு வருடத்தில் அவள் கொடுத்த சான்றிதழ் ஒன்றுகூடத் தவறியதில்லை. தவறிப்போனது கல்யாணம் ஒன்றுதான். ஒன்பது மாதமாகக் கணவன் அதியன் முப்பத்தோராம் மாடியில், அவள் ஒன்பதாம் மாடியில். இளைப்பு நோயுள்ள எட்டு வயது மகள் இமை திங்கள் முதல் வெள்ளி சாயங்காலம் வரை அப்பாவிடம். அதற்குப் பிறகு ஞாயிறு ராத்திரி வரை அம்மாவிடம். இமை போகுமிடமெல்லாம் அவளுடைய நாய் மிக்சரும் போகும். கலப்பின நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது அதியன். நறுமுகைக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை.

ஜூலை மாதம் சல்லடையில் தேன் நிறத்தில் முப்பத்தெட்டு முடிகள் மாட்டின. பூடில் என்னும் சுருள்முடி நாயின் கலப்பு என்று இயந்திரம் சொன்னது. யார் வீட்டு நாய் என்று மட்டும் சொல்லவில்லை. பதிவேட்டிலிருந்த நூற்றுப்பத்து நாய்களில் ஒன்றோடும் அது பொருந்தவில்லை. 'அறியப்படாத நாய்' என்று எழுதி நறுமுகை அறிக்கையை அனுப்பினாள். ஆகஸ்டில் அறுபத்தொன்று. அதற்குள் கட்டடம் முழுக்க அதற்குப் பேய்நாய் என்று பெயராகிவிட்டது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட, நாய் குரைத்ததாகப் புகார் வந்தது. பதினாறாம் மாடியில் ஒரு குடும்பம், சந்தேகத்தில், எதிர்வீட்டார் கொடுத்த பிறந்தநாள் கேக்கை அவர்கள் கதவிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தது.

செப்டம்பர் முதல் வியாழக்கிழமை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பவித்ரா சல்லடை அறைக்கு வந்தார். ஐம்பது வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் எப்போதும் ஒரு நீல ஃபைல்.

"கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப உன்னை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கோம்?" பவித்ரா ஃபைலை மேசைமேல் போட்டார். "நான் கண்டுபிடிச்சுட்டேன். தேதியைப் பாரு. வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயிறோட நின்னுடுது. திங்கள்லேர்ந்து ஒரு முடி கிடையாது. இந்தக் கட்டடத்துல வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் நாயோட புழங்கறது யாரு?"

பிலோமினா. நாய்களைக் குளிப்பாட்டிச் சீவிவிடும் கடையை ஒன்பதாம் மாடியில் அந்த மூன்று நாளும் திறந்துவைப்பவள்.

"அவங்க கடைக்கு வர்றதெல்லாம் நம்ம நாய்ங்கதானேம்மா."

"கடைக்கு வர்றது நம்ம நாய். வீட்டுல வச்சுக் கொஞ்சறது? வெளியிலேர்ந்து எதையோ தூக்கிட்டு வந்திருக்கா. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். அவளும் அவ புருஷனும் செவ்வாய்க்கிழமை காலி பண்ணணும். நீ வந்து சல்லடை ரிப்போர்ட்டைப் படி, போதும்."

"அவங்க வீட்டை ரெண்டு தடவை சோதிச்சாச்சு. நாயே இல்லம்மா."

"ஆரவுக்கு மூச்சு திணறினப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. நாயெல்லாம் சுத்தம், முடியே இல்லன்னு."

ஆரவின் பெயர் வந்துவிட்டால் அதற்குமேல் நறுமுகையால் வாதாட முடியாது. யாராலும் முடியாது. ஆரவ் பவித்ராவின் ஒரே மகன். ஒன்பது வருடத்துக்கு முன், ஆறு வயதில், மூச்சுத்திணறி இறந்துபோனவன். காற்றிலிருந்த நாய்முடிதான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சல்லடையும் சான்றிதழும் தகரக் கொட்டகையும் அதன் பிறகு வந்தவை. இந்த ஒன்பது வருடத்தில் முப்பத்து நான்கு நாய்கள் கொட்டகைக்குப் போயிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் பவித்ரா வாசலில் வந்து நின்று பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

அன்று மத்தியானம் நறுமுகை முதல் மாடிக்கு இறங்கினாள். பிலோமினாவின் வீட்டில் அலமாரிச் சாமான் முழுவதும் தரையில் கிடந்தது. மூலையில் அவள் புருஷன் சூசை மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு எட்டு வருடம் பெயிண்ட் அடித்த நுரையீரல் அவருடையது.

"வாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றாள் பிலோமினா. "அரிசி டப்பாவைத் திறந்து பாருங்க. அதுக்குள்ள உக்காந்து குரைக்குதோ என்னமோ."

"நான் தேட வரலக்கா."

"அப்ப எதுக்கு வந்தீங்க? துக்கம் விசாரிக்கவா? செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வாங்க. வெளிக்காத்துல இவரு ஒரு வாரம் தாங்குவாரு. அப்ப வந்தா சரியா இருக்கும்."

நறுமுகை கீழே கிடந்த சீப்புகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். பிலோமினா அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லா நாயும் நீங்க குடுத்த சீட்டை வச்சுத்தானே உள்ள வருது? சீட்டு பொய்யாகாதா?"

"ஆகாதுக்கா. ரெண்டே விஷயம்தான் பாக்கணும். மீசை மரபணு ஒண்ணு. அது பூடில்கிட்டேர்ந்து வர்றது. இருந்தா மூஞ்சில மீசையும் புருவமும் வளரும், உடம்பு முடி கொட்டாம நீண்டுக்கிட்டே போகும். இன்னொண்ணு கொட்டற மரபணு. அம்மா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணுன்னு ரெண்டும் கொட்டறதாவே வந்துட்டா, மீசை இருந்தாலும் கொட்டும். குட்டியில தெரியாது. ஒன்பது மாசம் போல குட்டி முடி போயி பெரிய முடி வரும் பாருங்க, அப்பத்தான் தெரியும். அதனாலதான் முன்னாடியே படிச்சிடறோம்."

"மூஞ்சியப் பாத்து நம்பக் கூடாதுன்றீங்க."

"கூடாது."

"மனுசங்களுக்கும் அப்படி ஒரு குச்சி இருந்தா வாயில விட்டுப் பாக்கலாம்." பிலோமினா கைகளை விரித்துக் காட்டினாள். "என் கைக்குத் தெரியாம எந்த நாயும் கொட்ட முடியாது மேடம். எல்லாத்தையும் மாசா மாசம் சீவறேன். உங்க மிக்சரைத்தான் ரெண்டு மாசமா தொடல. சார் வீட்டுலயே சீவிக்கிறாராம்."

"உங்க கடை என் மாடியில இருக்குல்ல. என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம சீவிக்கிறாரு."

சூசை குழாய்க்குள்ளிருந்து ஏதோ முனகினார். "போகச் சொல்றாரு," என்றாள் பிலோமினா.

வெள்ளிக்கிழமை காலையில்தான் நறுமுகைக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு மாதமாக இயந்திரத்திடம் 'இது யார்?' என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். 'இது யாருக்கு உறவு?' என்று கேட்டதில்லை. கேட்டாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

தாய்: மிக்சர். வீடு: 31-சி.

நறுமுகை வாய்விட்டுச் சிரித்தாள். மிக்சருக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது. ஆறாவது மாதத்திலேயே கருத்தடை செய்தாகிவிட்டது. குட்டி போடாத நாய்க்கு ஒரு மகள்! இயந்திரத்துக்கும் மண்டை குழம்பிவிட்டது என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள், பாதி வழியில் அப்படியே நின்றாள்.

திருப்போரூர் பக்கத்து நாய்ப் பண்ணை நினைவுக்கு வந்தது. பால் குடித்த குட்டியை இரண்டு மணி நேரம் தனியே வைத்த பிறகே குச்சியை வாயில் விட வேண்டும். அதற்குமுன் எடுத்தால் தாய்மடியின் அணுக்கள் வாயில் ஒட்டியிருக்கும். குட்டியைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு தாயைப் படித்துவிடுவோம். இந்த வேலையில் சேருகிறவர்களுக்கு முதல்நாள் சொல்லித்தருவதே அதைத்தான். அன்றைக்கு அவள் காத்திருக்கவில்லை. வரும் வழியெல்லாம் காரில் சண்டை. அதியன் இறங்கவே மாட்டேனென்று வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பின் சீட்டிலிருந்து அழுதுகொண்டே இறங்கிய இமை காட்டிய குட்டி, அந்த நிமிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. மடியிலிருந்து பிடுங்கி, வாயில் குச்சியை விட்டு, குட்டியோடு காரில் ஏறிவிட்டாள். அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்கு வந்ததும் அவள்தான்.

பதிவேட்டில் மிக்சர் என்ற பெயரில் இருப்பது மிக்சரின் தாய். பேய்நாய் மிக்சர். வெள்ளி, சனி, ஞாயிறு பிலோமினாவின் கடை நாட்கள் மட்டுமல்ல. இமை அம்மாவிடம் இருக்கும் நாட்களும் அவைதான்.

ஆனால் மற்ற நான்கு நாளும் அதே நாய் முப்பத்தோராம் மாடியில் இருக்கிறதே, அங்கே ஏன் ஒரு முடிகூட விழவில்லை? அது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் லிஃப்ட் திறந்தது. இமை, மிக்சர், அதியன்.

"அஞ்சு நிமிஷம் லேட்," என்றாள்.

"லிஃப்ட் லேட். என்னைச் சொல்லாதே."

"உன் வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. நான் வேலை வேலைன்னு குழந்தையைக் கவனிக்கறதே இல்லையாமே?"

"பத்தாம் தேதி ஜட்ஜ்கிட்ட சொல்லிக்கோ. என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கு," என்றாள் இமை, பெரிய மனுஷி மாதிரி.

மிக்சர் ஓடிவந்து நறுமுகையின் கருநீலப் புடவையில் உடம்பைத் தேய்த்தது. "இன்னிக்குச் சீவிட்டேன். ரொம்பத் தடவிக்கிட்டே இருக்க வேணாம்," என்றான் அதியன் அவசரமாக.

நறுமுகை குனிந்தாள். புடவையில் தேன் நிறத்தில் ஏழெட்டு முடிகள். இத்தனை வாரமும் தரைத்துளைகள் உறிஞ்சிக்கொண்டதால் கண்ணில் படவில்லை. அவளும் தேடவில்லை, தானே கையெழுத்திட்ட நாயைச் சந்தேகிக்கத் தோன்றியதே இல்லை. நிமிர்ந்தபோது அதியன் அந்த முடியைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அன்று மிக்சரை இரண்டு மணி நேரம் பட்டினி போட்டு, முறையாகக் குச்சி வைத்தாள். சனிக்கிழமை காலை முடிவு வந்தது. மீசை ஒன்று. கொட்டும் மரபணு இரண்டு.

வாயைத் திறக்காவிட்டால் பிலோமினா வெளியே போவாள். சூசை ஒரு வாரம் தாங்குவார். வாயைத் திறந்தால் மிக்சர் வெளியே. சான்றிதழ் கொடுக்கும் உரிமை போகும். அதைவிட, இளைப்பு நோயுள்ள குழந்தையின் பக்கத்தில் முடி கொட்டும் நாயைச் சான்றிதழோடு கொண்டுவந்து விட்டவள் என்று அதியனின் வக்கீல் ஒரு வரி சொன்னால் போதும், இமையும் போய்விடுவாள். நறுமுகை புடவை மாற்றப் போனாள். முதலில் எடுத்ததை வைத்துவிட்டு, மறுபடி முடி ஒட்டிய அந்தக் கருநீலத்தையே கட்டிக்கொண்டாள். வீட்டிலேயே இருக்கும்படி இமையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஐந்தாம் மாடிக் கூடம் நிரம்பியிருந்தது. பிலோமினாவுக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"அவ வீட்டுப் பக்கம் போனாலே நாய் வாசனை அடிக்குதுன்னு என் பொண்ணு சொல்றா," என்றார் முப்பத்தெட்டாம் மாடி கௌஷிக்.

"நாய் குளிப்பாட்டறவ வீட்டுல பன்னீர் வாசனையா அடிக்கும்?" என்றாள் பிலோமினா.

"பேச்சைப் பாரு. தப்பு பண்ணினவளுக்கு இவ்வளவு வாய்!"

"நாயைக் காட்டச் சொல்லுங்க!"

"இருந்தாத்தானே சார் காட்டறதுக்கு? உங்க வீட்டு நாய் ராக்கிக்கு ஆசனவாயில கட்டி வந்தப்ப யாரு கழுவுனா? அப்ப வாசனை தெரியலையா?"

கூடம் கொதித்தது. பவித்ரா மேசையைத் தட்டினார். "நறுமுகை, ரிப்போர்ட்டைப் படி."

நறுமுகை எழுந்தாள். இரண்டாம் வரிசையிலிருந்த அதியன் திரும்பி, உதடு அசையாமல், "உக்காரு," என்றான். தான் வாயைத் திறந்தால் வக்கீலுக்கு ஒரு வரி கிடைக்குமென்று காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அப்படியென்றால் ஏன் உட்காரச் சொல்ல வேண்டும் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

"பேய்நாய்னு எதுவும் இல்ல. அது மிக்சர். என் பொண்ணோட நாய். நான்தான் குச்சி வச்சேன், நான்தான் அவசரப்பட்டேன். பால் குடிச்சுக்கிட்டிருந்த குட்டியை எடுத்து உடனே வச்சுட்டேன். அதனால அதோட அம்மாவைப் படிச்சு, இதுக்குச் சீட்டு குடுத்துட்டேன். பிலோமினா அக்காவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். எங்கள் சீட்டு என்னாவது என்றார்கள். இவளை நம்பித்தானே இத்தனை வருஷம் என்றார்கள். படித்த திமிர் என்றார் ஒருவர். பவித்ரா மட்டும் கத்தவில்லை. மெல்ல நடந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"உன் பொண்ணுக்கு இளைப்பு இருக்கு."

"ஆமாம்மா."

"தெரிஞ்சே அது பக்கத்துல..."

"தெரியாம."

"தெரிஞ்சுக்கறதுதானே உன் வேலை? பெத்தவளா நீ?" பவித்ராவின் குரல் ஒருமுறை உடைந்து, மறுபடி இறுகியது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாய் வெளியே போகணும். உன் கையெழுத்து இன்னியோட செல்லாது. கூட்டம் முடிஞ்சுது."

"என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று பிலோமினா கேட்டாள். நாற்காலிகள் நகரும் சத்தம்தான் பதில். எல்லோரும் போன பிறகு நறுமுகையைப் பார்த்து, "நாளைக்குச் சூசைக்கு மீன் குழம்பு. உங்களுக்கும் எடுத்து வைக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செய்தி இமைக்கு எட்டியிருந்தது. மிக்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, தேம்பலோடு, "எனக்கு என் தலையணை வேணும்," என்றாள்.

"எந்தத் தலையணை?"

"அப்பா வீட்டுல இருக்கே, மிக்சர் தலையணை. இப்பவே வேணும்."

மகள் அழும்போது கௌரவம் பார்க்க முடியுமா? ஒன்பது மாதத்தில் முதல் முறையாக நறுமுகை முப்பத்தோராம் மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த அதியனின் கண்கள் சிவந்திருந்தன.

"எதுக்குடி சொன்ன?"

"பிலோமினா அக்காவை அனுப்பச் சொல்றியா?"

"நான் செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற வழி பண்ணியிருப்பேன்! ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? பண்ணையில பொறுக்கல, இங்கயும் பொறுக்கல."

"வேற வழியா? அப்ப உனக்கு முன்னாடியே..."

இமை உள்ளேயிருந்து ஒரு குண்டுத் தலையணையை இழுத்துக்கொண்டு வந்தாள். நறுமுகை அதை வாங்கி அழுத்திப் பார்த்தாள். பஞ்சு இப்படி அமுங்காது. ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே தேன் நிறத்தில், ஈரம் காய்ந்து ஒட்டிய சுருள்கள். தலையணை நிறைய முடி.

திங்கள் முதல் வெள்ளி வரை சல்லடைக்குப் போகாத முடி.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"ஜூலை. ஒருநாள் சீப்புல கைப்பிடி வந்துச்சு. குப்பைக் குழாயிலயும் சல்லடை வச்சிருக்கீங்க, எங்க போடறது? தினம் ஈரத்துணியால ஒத்தி எடுத்து இதுல திணிச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நேரா போய் அந்தம்மா முன்னாடி நின்னிருப்ப. இன்னிக்கு நின்ன மாதிரியே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"இதைக் கோர்ட்டுல காட்டியிருந்தா இமை உனக்குத்தான்."

"வக்கீலும் கேட்டாரு. உங்க வைஃப் தொழில்ல ஏதாவது தப்பு இருக்கான்னு."

"என்ன சொன்ன?"

"திமிர் இருக்கு, தப்பு இல்லன்னு சொன்னேன்."

நறுமுகை தலையணையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதியன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அன்னிக்கு வெளிய ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தது யாரு? உனக்கு ரெண்டு மணி நேரம் குடுக்காதது யாரு?"

இமை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியிலிருந்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆழமாக மூச்சை இழுத்தாள். நறுமுகைக்குத் திடுக்கென்றது.

"இமை இதுலயா தூங்கறா?"

"பரண்ல ஒளிச்சு வச்சிருந்தேன். எப்படியோ எடுத்துட்டா. நான் பாக்கறதுக்குள்ள ஒரு வாரம் ஆயிடுச்சு. பிடுங்கினா ஊரைக் கூட்டறா."

"இளைப்பு வந்துச்சா?"

"இங்க வரல. உன் வீட்டுல வர்றதால்ல நினைச்சேன்?"

"என் வீட்டுலயும் வரல. இங்க வந்திருக்கும், நீ சொல்லாம மறைக்கறன்னு நினைச்சேன்."

அதியன் போய் மகளின் பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்தான். ஜூன் மாதம் மாற்றியது. குலுக்கினான். நிறைய இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு மாதமாகப் போய்வந்துகொண்டிருந்த அந்தச் சின்ன டப்பாவைப் பற்றி, இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

"ஒரு குழந்தையை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது," என்றாள் நறுமுகை மெதுவாக, வேலையிடத்துக் குரலில். "நாய் ஒத்துக்காதவங்களுக்கு எச்சிலும் ஆகாது, தோல் தூளும் ஆகாது. அது சீட்டு வாங்கின நாய்க்கும் இருக்கு, வாங்காததுக்கும் இருக்கு. அப்படின்னா முடிதான் காரணம்னு சொல்லி நாம இத்தனை நாயை வெளிய அனுப்பினது..."

"அப்ப ஆரவ்?" என்றான் அதியன்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பவித்ராவின் வீடு இருபத்திரண்டாம் மாடி. மூவரும் தலையணையோடு லிஃப்டில் இறங்கினார்கள். "நான் பேசறேன். நீ கத்துவ," என்றாள் நறுமுகை. "நீ பேசினா இன்னும் நாலு உண்மையைச் சொல்லி மாட்டிப்ப," என்றான் அதியன். மணியை அழுத்தியது இமை.

கதவைத் திறந்த பவித்ரா, "மன்னிப்பெல்லாம் வேண்டாம்," என்றார்.

"மன்னிப்பு கேக்க வரலம்மா." நறுமுகை தலையணையின் பிரிந்த ஓரத்தைக் காட்டினாள். "ரெண்டு மாச முடி. இவ இதுல தலை வச்சுத்தான் தூங்கியிருக்கா. ஒருநாள்கூட இளைக்கல. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல."

பவித்ரா முடியைப் பார்த்தார். பிறகு நறுமுகையின் கன்னத்தில் அறையப்போகிறவர் போல ஓரடி வைத்து, அதற்குப் பதில் இமையின் முன் மண்டியிட்டார். "திரும்பு," என்றார். குழந்தை திரும்பியது. முதுகில் காதை வைத்தார். "மூச்சு விடு. இன்னும் பெரிசா."

ஆறு வருடம் தினமும் ஒரு சின்ன முதுகில் காது வைத்துக் கேட்ட தாய் அவர். அந்த விசில் சத்தம் எங்கே ஆரம்பிக்கும், எந்த எலும்புக்குக் கீழே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. முகம் மெல்ல மெல்லச் சாம்பலாகியது.

எழுந்தார். "முப்பத்து நாலு நாய்," என்றார் யாரிடமோ. பிறகு நறுமுகையிடம் வெறுப்போடு சொன்னார்: "இதை நீ எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"அம்மா..."

"போ. எல்லாரும் போங்க. அதை வச்சுட்டுப் போ."

தலையணையை அவர் கையில் கொடுத்தாள். கதவு அறைந்து மூடியது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன்பே மிக்சரைக் குளிப்பாட்டி, வாரைக் கட்டி, மூவரும் ஒன்பதாம் மாடி வாசலில் நின்றார்கள். இமை அழவில்லை, அழுகிற வேலையை அப்பா செய்துகொண்டிருந்தான். "ஒன்பதாம் மாடி வாசல்ல நின்னு மூக்கைச் சிந்தாதே, நான் இங்க குடியிருக்கணும்," என்றாள் நறுமுகை. "பத்தாம் தேதி வருவதானே?" என்று அவன் கேட்டான். "வருவேன். நீ உக்காருன்னா உக்கார மாட்டேன்." அவன் வாரை நீட்டினான், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. லிஃப்ட் மேலும் கீழும் போய்வந்ததே தவிர, மிக்சரைக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

பதினொன்றரைக்கு பிலோமினாவின் போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மேடம், பவித்ரா அம்மா எங்க வீட்டுல உக்காந்திருக்காங்க. மடியில ஒரு தலையணை. ஓரம் பிரிஞ்சிருக்கு, தைச்சுக் குடுன்னு கேக்கறாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களாக்கா?"

"சொன்னாங்க. தையலை நல்லா நெருக்கமா போடணுமாம். ஒரு முடிகூட வெளிய தெரியக் கூடாதாம்."